தலைக்கு மேல காந்தம்... மூளைக்குள்ள என்ன நடக்குது?

'மூளைக்குக் காந்தம் வெச்சு ட்ரீட்மென்ட்' என்றதுமே சினிமாவில் பார்த்த ஷாக் காட்சிதான் பலருக்கும் ஞாபகம் வரும். இது வேற. மயக்க மருந்து கிடையாது. முழிச்சபடியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். தலையை ஒட்டி ஒரு காயில், 'டக் டக்' என்று சத்தம். அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் டி.எம்.எஸ். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் செய்து காட்டிய முறை. மாத்திரை பலன் தராத மனச்சோர்வுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2008-ல் அனுமதித்தது.

மேலே தட்டினா, கீழே கேட்குமா?

காந்தப்புலம் சட்டென்று மாறும்போது மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்னோட்டம் உண்டாகும். அது இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் போகும். மனச்சோர்வோடு தொடர்புள்ள 'சப்ஜெனுவல் சிங்குலேட்' பகுதியோ இன்னும் ஆழத்தில் இருக்கிறது. அப்புறம் எப்படி வேலை செய்யுது?

பதில், நெட்வொர்க். மூளையின் எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை, ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை வைத்து எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேன் காட்டும். இடது முன்மூளையின் சில இடங்களுக்கும் அந்த ஆழமான பகுதிக்கும் சீசா பலகை மாதிரி உறவு. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இந்த எதிர் உறவு வலுவாக உள்ள இடத்தைத் தூண்டினால் பலன் கூடுதல் என்று 2012-ல் மைக்கேல் ஃபாக்ஸ் குழு சொன்னது.

5 சென்டிமீட்டர் கணக்கு

முன்பெல்லாம் கட்டைவிரல் துடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 5 செ.மீ. முன்னால் காயிலை வைப்பார்கள். எல்லார் தலையும் ஒரே அளவா என்ன? குறி தப்பவும் வாய்ப்பு உண்டு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒவ்வொருவரின் ஸ்கேனையும் பார்த்து இடத்தை முடிவு செய்து, தினம் 10 முறை வீதம் 5 நாள்கள் கொடுத்தார்கள். நிஜத் தூண்டல் பெற்ற 14 பேரில் 11 பேருக்கு, அடுத்த 4 வாரங்களுக்குள் மனச்சோர்வு அறிகுறிகள் கிட்டத்தட்ட நீங்கின. இந்த முறைக்கு 2022-ல் எஃப்.டி.ஏ அனுமதியும் கிடைத்தது. ஆனால் இது சின்ன ஆய்வு. பலனுக்குக் காரணம் ஸ்கேனா, நெருக்கிக் கொடுத்த டோஸா என்பதை அது பிரித்துக் காட்டவில்லை.

கவனிக்க வேண்டியவை

* தலைக்குள் உலோகம், காக்ளியர் கருவி, உடலில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, முன்பு வலிப்பு வந்திருந்தாலோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
* மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம்.
* "காயில் வைக்கிற இடத்தை எப்படி முடிவு பண்றீங்க டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

மாத்திரை கேட்கலைன்னா அது உங்க மன பலவீனம் இல்லை. வேறு வழிகளும் இருக்கு!