ஆற்றைப் படிக்கும் விடுமுறை

தன் பெயரிலேயே ஓர் ஆற்றைச் சுமந்து நிற்கும் ஊர் சிலிம் ரிவர். பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், முவாலிம் மாவட்டத்தில் அமைந்துள்ள இந்நகரைத் தொடர்வண்டியிலும் நெடுஞ்சாலையிலும் கடந்து செல்வோர் பலர். ஊருக்குப் பெயர் தந்த ஆற்றை நின்று பார்ப்போர் சிலரே. தித்திவங்சா மலைத்தொடரில் பிறக்கும் சிலிம் ஆறு, உலு சிலிம் வழியாகப் பாறைகளுக்கிடையே துள்ளி இறங்குகிறது. பின்னர், சமவெளியில் வேகம் தணிந்து, பேராக்கிற்கும் சிலாங்கூருக்கும் எல்லையாக ஓடும் பெர்ணம் ஆற்றோடு கலக்கிறது.

ஒரு காலத்தில் இப்பகுதியின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கு ஆறு என்பது குளிக்கவும் துணி துவைக்கவும் தூண்டில் போடவும் உதவிய இடம். இன்று மலையடிவார ஆறுகளைத் தேடி வேறொரு கூட்டமும் வருகிறது. தலைக்கவசமும் மிதவை அங்கியும் அணிந்து, காற்றடைத்த படகுகளில் அமர்ந்து, பாறைகளுக்கிடையே பாய்ந்து செல்வதே அவர்களின் நோக்கம். சிலிம் ஆற்றைப் போலவே கோப்பெங் வட்டாரத்திலுள்ள கம்பார் ஆறும் இவ்விளையாட்டிற்குப் பெயர் பெற்றது. இந்த நீர் விளையாட்டுகளுள் மிகுந்த திறனைக் கோருவது கயாக். அதிலும் வியப்பூட்டுவது ‘ஃபிரீஸ்டைல் கயாக்’ எனப்படும் சாகசப் படகு விளையாட்டு.

கயாக் என்பது ஒருவர் அமர்ந்து செலுத்தும் ஒடுங்கிய படகு. இருபுறமும் தட்டையான பகுதி கொண்ட ஒரே துடுப்பால் இதனை வலம் இடமாக மாறி மாறி வலிக்க வேண்டும். இதனை உருவாக்கியவர்கள் வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்கள். மரத்தாலோ எலும்பாலோ சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாயின் தோலை இழுத்துத் தைத்து, வேட்டைக்குச் செல்லப் படகு செய்தனர். உறைய வைக்கும் கடலில் படகு கவிழ்ந்தால் நீந்திப் பிழைப்பது அரிது. ஆகவே, படகைவிட்டு வெளியேறாமலேயே புரண்டு மீண்டும் நிமிரும் கலையை அவர்கள் கற்றிருந்தனர். 1927ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த பவ்லாட்டா என்பவர் அக்கலையைப் பயின்று ஐரோப்பாவில் பரவ வழிவகுத்தார். உயிர் காக்கப் பிறந்த அந்த உத்திதான் இன்றைய சாகச வீரர்களுக்கு அரிச்சுவடி.

பொதுவாகப் படகுப் போட்டி என்றால், யார் முதலில் எல்லைக்கோட்டைத் தொடுவது என்பதே கேள்வி. ஃபிரீஸ்டைல் கயாக் அப்படிப்பட்டதன்று. இதில் வீரர் எங்கும் செல்வதில்லை. ஆற்றின் ஒரே இடத்தில் நின்று விளையாடுகிறார். உலகப் போட்டிகளில் ஒரு சுற்றுக்கு அவருக்குக் கிடைப்பது 45 விநாடிகள் மட்டுமே. அதற்குள் படகை மூக்கின்மேல் நிறுத்தலாம், சக்கரம்போல் சுழற்றலாம், காற்றில் எழுந்து குட்டிக்கரணமும் அடிக்கலாம். அசைவு எவ்வளவு கடினமோ அவ்வளவு மதிப்பெண். செய்த வித்தையையே அதே பக்கமாக மீண்டும் செய்தால் கூடுதல் புள்ளி கிடைக்காது. எனவே, வலப்புறத்திற்கு இணையாக இடப்புறத்தையும் பழக்கிக்கொண்டவரே முன்னணிக்கு வருகிறார்.

ஓடும் ஆற்றில் படகு எவ்வாறு ஒரே இடத்தில் நிற்கும்? இதற்கான விடை ஆற்றின் அடியில் இருக்கிறது. நீர் ஒரு பாறையின் மேலேறி மறுபுறம் செங்குத்தாக விழும்போது, விழுந்த வேகத்தில் கீழே அமிழ்கிறது. அமிழ்ந்த இடத்தை நிரப்ப, மேற்பரப்பு நீர் பாறையை நோக்கிப் பின்னோக்கிப் பாய்கிறது. இவ்வாறு உருவாகும் நுரைக்குழியில் ஒரு பக்கம் நீர் கீழே தள்ளும். மறுபக்கம் மேலே இழுக்கும். இவ்விரண்டு விசைகளுக்கும் நடுவே படகைச் சமநிலையில் வைத்திருப்பதே வீரரின் திறமை. இதற்கென்றே சாகசக் கயாக்குகளைக் குட்டையாகச் செய்கின்றனர். பெரும்பாலானவை இரண்டு மீட்டர் நீளத்தைக்கூட எட்டுவதில்லை. நடுப்பகுதி பருத்தும் முனைகள் மெலிந்தும் இருப்பதால், முனையை நீருக்குள் அழுத்துவது எளிது. அழுத்திய படகு துள்ளி எழுவதும் எளிது.

ஆயினும், எல்லா நுரைக்குழிகளும் விளையாடத் தக்கவை அல்ல. சில குழிகள் பிடித்ததை எளிதில் விடுவதில்லை. குறிப்பாக, ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட சிறு தடுப்பணைகளின் அடியில் உருவாகும் சுழற்சி, கரையிலிருந்து பார்க்கும்போது சாதுவாகத் தோன்றும். அதன் இருபுறமும் சுவராக இருப்பதால், அகப்பட்டவர் தப்பிக்க வழியின்றித் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கப்படுவார். எது விளையாட்டு, எது வினை என்று பிரித்தறிய ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும். அதனால்தான் கயாக் வீரர்களின் விடுமுறை ஓய்வாகக் கழிவதில்லை, பயிற்சியாகவே கழிகிறது.

அமெரிக்கரான எரிக் ஜேக்சனின் வாழ்க்கை இதற்குச் சான்றாகும். 1992ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் பங்கேற்ற அவர், 1993, 2001, 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் ஃபிரீஸ்டைல் உலக வெற்றியாளர் ஆனார். 1997இல் வீட்டைத் துறந்து, குடும்பத்தோடு வீட்டு வண்டியில் குடியேறினார். எந்த ஆற்றில் நல்ல நீரோட்டம் இருக்கிறதோ அங்கே வண்டியை நிறுத்துவர். அவ்வாறு ஆற்றங்கரைகளில் வளர்ந்த மகன் டேன் ஜேக்சன், 2015, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் அதே பட்டத்தை வென்றார். பெரும் வசதிகளைவிட நாள்தோறும் ஆற்றோடு பழகும் வாய்ப்பே அவர்களை உயர்த்தியது.

அப்படியானால், ஒரு கயாக் வீரரின் விடுமுறை நாள் எவ்வாறு இருக்கும்? அது அமைதியான நீரில் தொடங்கும். குளத்திலோ ஆற்றின் தேங்கிய பகுதியிலோ அடிப்படைப் பயிற்சிகளைச் செய்வர். முதலில் கற்பது படகைச் செலுத்துவதையன்று. கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வருவதை. நீர் புகாதிருக்க, வீரரின் இடுப்பையும் படகின் வாயையும் இணைத்து ஒரு மூடி மாட்டப்பட்டிருக்கும். தலைகீழாகத் தொங்கும்போது பதறாமல் அம்மூடியின் பட்டையைத் தேடிப் பிடித்து இழுக்கப் பழக வேண்டும். அதன் பிறகே புரண்டு எழும் பயிற்சி. இதில் புதியவர்கள் செய்யும் பெரும்பிழை, மூச்சுக்காகத் தலையை முதலில் தூக்குவது. தலை கனமானது, அது முன்னால் எழுந்தால் படகு மீண்டும் கவிழும். இடுப்பை வெட்டிப் படகை முதலில் நிமிர்த்தி, தலையைக் கடைசியாகக் கொண்டு வர வேண்டும். அச்சத்தின் விருப்பத்திற்கு மாறாக உடலைப் பழக்குவதே இப்பயிற்சியின் சாரம்.

அடுத்தது ஆற்றைப் படித்தல். வீரர்கள் படகை இறக்குமுன் கரையோரமாக நடந்து சென்று நீரோட்டத்தைக் கூர்ந்து நோக்குவர். நீரின் மேற்பரப்பில் அம்புமுனை போன்ற வடிவம் தெரியும். அதன் முனை கீழ்நோக்கி இருந்தால், இரு பாறைகளுக்கிடையே வழி உண்டு என்று பொருள். முனை மேல்நோக்கி இருந்தால், அங்கே பாறை மறைந்திருக்கிறது. பெரிய பாறைக்குப் பின்னால் நீர் மெல்லத் திரும்பிச் சுழலும் இடம் படகுக்கு இளைப்பாறும் திண்ணை. விழுந்த மரமோ மூங்கில் புதரோ குறுக்கே கிடந்தால் அது பொறி. நீர் கிளைகளுக்கிடையே புகுந்து சென்றுவிடும். மனிதனால் செல்ல இயலாது. ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே, வேகமான நீரில் விழுந்தவர் எழுந்து நிற்க முயலக்கூடாது. கால் பாறையிடுக்கில் சிக்கினால் நீர் அவரை முன்புறமாகச் சாய்த்து அமிழ்த்திவிடும். கால்களைக் கீழ்நீர்த் திசையில் நீட்டி, மல்லாந்து மிதந்தபடி கரையை நோக்கி ஒதுங்குவதே முறை.

மாலையில் படகு ஓய்வெடுக்கும். வீரர் மலை மிதிவண்டியை எடுப்பார். 1970ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளில் உருவான இவ்விளையாட்டு, 1996இல் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. கயாக்கில் பெரிதும் உழைப்பவை தோளும் முதுகும் வயிற்றுத் தசைகளும். கால்கள் படகுக்குள் மடங்கியே கிடக்கும். மிதிவண்டி அக்கால்களுக்கு வலுவூட்டுகிறது. மூச்சின் ஆற்றலையும் வளர்க்கிறது. இன்னொரு பயனும் உண்டு. சரிவில் இறங்கும் மிதிவண்டி வீரர், சக்கரத்திற்கு முன்னால் கிடக்கும் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தாம் செல்ல வேண்டிய வழியைச் சில மீட்டர் தூரம் முன்கூட்டியே பார்க்கிறார். ஆற்றிலும் அதே பார்வைதான் தேவை. சிலிம் ரிவரைச் சுற்றியுள்ள செம்மண் பாதைகள் ஒரு காலத்தில் பால்வெட்டுத் தொழிலாளர்கள் விடியற்காலையில் மிதிவண்டியில் சென்ற பாதைகளைப் போன்றவை. இரப்பர் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டங்கள் தனியாருக்குரியவை என்பதால், அங்கே மிதிவண்டி ஓட்டுவோர் முன் அனுமதி பெற்றுச் செல்வதே முறையாகும்.

இத்தனை பயிற்சி பெற்றவரும் அஞ்சும் ஒன்று மலையாறுகளில் உண்டு. அதுவே மலாய் மொழியில் ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையுச்சியில் பெருமழை கொட்டும். மழைநீர் சரிவுகளில் ஒன்றுதிரண்டு, சில வேளைகளில் கிளைகளும் சேறும் அடைத்த இடங்களை உடைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் பள்ளத்தாக்கில் பாயும். பூஜாங் பள்ளத்தாக்கின் அருகே உயர்ந்து நிற்கும் கெடாவின் ஜெராய் மலையில், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் இத்தகைய நீர்ப்பெருக்கு ஏற்பட்டு அறுவர் உயிரிழந்தனர். நீச்சல் தெரியும் என்ற துணிவு இத்தகைய வெள்ளத்தின்முன் செல்லாது. அதில் நீர் மட்டும் வருவதில்லை. மரங்களும் கற்களும் உருண்டு வருகின்றன.

எனினும், ஆறு பெரும்பாலும் முன்னறிவிப்புத் தருகிறது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கும். சருகுகளும் சுள்ளிகளும் வழக்கத்தைவிட மிகுதியாக மிதந்து வரும். சற்றுமுன் தெரிந்த கல் நீரில் மறையும். மேல்புறத்திலிருந்து இரைச்சல் கேட்கும். மலைமுகட்டில் கருமேகம் கவிந்திருக்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே உயரமான கரைக்கு ஏறிவிட வேண்டும். காலணியையும் கைப்பேசியையும் எடுக்கத் திரும்பக்கூடாது. ஆற்றைக் கடந்து மறுகரைக்குச் செல்லவும் முயலக்கூடாது. உடைமையைவிட உயிர் பெரிது.

தேர்ந்த கயாக் வீரர்கள் பலமுறை படகை ஆற்றங்கரைவரை சுமந்து சென்று, நீரைப் பார்த்துவிட்டு, இறக்காமலேயே திரும்பச் சுமந்து வருவதுண்டு. பார்ப்பவர்களுக்கு அது தோல்வியாகத் தோன்றலாம். உண்மையில், பல ஆண்டுப் பயிற்சி அவர்களுக்குக் கற்றுத்தந்த உயர்ந்த திறன் அதுவே. 45 விநாடிச் சாகசத்திற்குப் பின்னால், ஆற்றைப் பார்த்துக் காத்திருந்த எத்தனையோ மணி நேரங்கள் இருக்கின்றன.

‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழியை அறியாத தமிழ் மாணவர் இல்லை. ஆற்றைக் கண்டு ஒதுங்கச் சொல்வதன்று அதன் கருத்து. ஆழத்தை அறிந்துகொள் என்பதே. சிலிம் ஆற்றின் கரையில் அடுத்த விடுமுறையில் நிற்கும் மாணவர் ஒருவர், நீரில் இறங்குமுன் சற்று நின்று மலையையும் மேகத்தையும் நீரின் நிறத்தையும் பார்த்தால், அவர் கயாக் வீரரின் முதல் பாடத்தைக் கற்றுவிட்டார் எனலாம்.