பழைய உழவு இயந்திரம் வாங்கப் போகிறீர்களா?

புரட்டாதி முடிந்து வானம் இருளத் தொடங்கினால் வன்னியில் எல்லோருக்கும் ஒரே கிழமையில் உழவு மெசின் தேவைப்படும். கையில் காசோடு நிற்பவரின் வயலுக்குள் அது முதலில் இறங்கும். ஆண் துணையின்றிக் கமம் செய்யும் பெண்ணின் வயல் கடைசிக்குத் தள்ளப்படும். விதைப்புப் பிந்தினால் விளைச்சலும் குறையும். இந்த அலைச்சலைப் பட்ட சகோதரிகள்தான், "நகையை விற்றாவது சொந்தமாக ஒன்று வாங்கினால் என்ன?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அவசரப்படக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா 2012இல் தாலிக்கொடியையும் விற்று ஒரு நான்கு சில்லு மெசின் வாங்கினா. புதுப் பெயின்ற் பளபளத்தது. தரகரும் நல்லாகத்தான் கதைத்தார். முதல் காலபோகத்திலேயே எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. கராஜில் கழற்றிப் பார்த்தபோதுதான் விசயம் தெரிந்தது. 2009இல் கடற்கரை மணலில் கைவிடப்பட்டு, உப்புக் காற்றிலும் மழையிலும் கிடந்த வாகனமொன்றின் எஞ்சினை எடுத்துப் பொருத்தியிருந்தார்கள். பதிவுப் புத்தகத்தில் இருந்த எஞ்சின் இலக்கம் வேறு, மெசினில் இருந்த இலக்கம் வேறு.

ஆகவே மெசினைப் பார்க்கப் போகும்போது முதலில் ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொண்டு போங்கள். எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் இரண்டையும் துடைத்துப் பார்த்து, புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இலக்கம் இருக்கும் இடம் அராவப்பட்டிருந்தாலோ புதிதாகக் குத்தியதுபோல் தெரிந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள். லீசிங் கடன் இன்னும் இருக்கிறதா என்பதையும் புத்தகம் காட்டும். உரிமையாளர் காணாமற்போனவர் என்றால் குடும்பத்தாரின் வாய்ச்சொல் போதாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற்போனவருக்கான சான்றிதழ் பெற வழியுண்டு. என்றாலும் பெயர் மாற்றம் சரிவரும் வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

பகல் வெளிச்சத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் போவது நல்லது. சொல்லிவிட்டுப் போனால் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்ராட் ஆகிறது என்பதில்தான் அதன் உண்மையான நிலை தெரியும். தொடக்கத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் பயமில்லை. நீலப் புகை விடாமல் வந்தால் ஒயில் எரிகிறது, அது பெரிய செலவு. கறுப்புப் புகை காற்று வடி அடைபட்டதாலும் வரலாம், டீசல் பம்ப் பிழையாலும் வரலாம். எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அதற்குள்ளிருந்து புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். ஒயில் பார்க்கும் கம்பியில் பால் தேத்தண்ணி நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது.

சேற்று உழவு செய்த மெசினில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பின் அச்சின் சீல்கள் போயிருந்தால் சேற்றுத் தண்ணீர் கியர்ப் பெட்டிக்குள் இறங்கும். கியர் ஒயிலையும் கம்பியில் எடுத்துப் பாருங்கள். கலப்பையை உயர்த்தி வைத்து எஞ்சினை நிறுத்துங்கள். கொஞ்ச நேரத்திலேயே அது தரைக்கு வந்துவிட்டால் ஐதரோலிக் கசிகிறது. முன் சில்லை ஜாக்கியில் தூக்கி ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. பின் ரயரின் பக்கச் சுவர் வெடித்திருந்தால் அந்த விலையைக் கழித்துக் கேளுங்கள். ஒரு சோடிப் பின் ரயர் இன்று சின்னச் செலவில்லை.

மசி பேர்கசன் 135 போன்ற பழைய மெசின்களைப் பலர் இன்னும் விரும்புகிறார்கள். அதன் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. ஆனாலும் பாகங்கள் கிடைக்கின்றன, ஊர்க் கராஜ்காரருக்கும் அதன் வேலை தெரியும். யாரும் திருத்தத் தெரியாத புதுவகை மெசின் மலிவு என்று வாங்கினால் அது முற்றத்தில்தான் நிற்கும்.

சிலர் முன்பக்க வாளி பூட்டிய மெசினைக் காட்டி, "எரு அள்ளலாம், மணல் ஏற்றலாம்" என்று விலையைக் கூட்டுவார்கள். வாளிப் பாரம் முழுவதும் முன் அச்சில் விழும். பின்னால் எதிர்ப்பாரம் இல்லாவிட்டால் பின் சில்லு நிலத்தை விட்டு எழும்பும். பவர் ஸ்ரீயரிங் இல்லாத மெசினில் பாரத்தோடு திருப்புவது ஆண்களுக்கே கஷ்டம். வாங்குவதென்றால் சட்டத்தின் ஒட்டு வெடித்திருக்கிறதா, கைகள் வளைந்திருக்கின்றனவா, சிலிண்டர்த் தண்டில் கீறல் உண்டா என்று பாருங்கள். உயர்த்திய வாளிக்குக் கீழே பிள்ளைகளை விடவே கூடாது. இரண்டு மூன்று ஏக்கர்க் கமத்துக்கு இது தேவையில்லை என்பதே என் எண்ணம். அந்தக் காசுக்கு நல்ல பெட்டியொன்று வாங்கினால் நெல்லும் ஏற்றலாம், தண்ணீர்த் தாங்கியும் ஏற்றலாம்.

இரண்டு ஏக்கருக்கு இரு சில்லு மெசினே தாராளம். கைபிடியால் சுற்றி ஸ்ராட் செய்யும்போது பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடியுங்கள். கைபிடி திருப்பியடித்தால் விரல் முறியாது. பட்டி ஓடும் இடத்தில் சேலைத் தலைப்பும் அவிழ்ந்த கூந்தலும் ஆபத்து. மேலே பழைய சேட் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடன் எடுப்பவர்கள் ஒன்றை யோசியுங்கள். நெற்காசு போகத்துக்கு ஒருமுறைதான் வரும், தவணையோ மாதாமாதம் வரும். அறுவடையோடு கட்டும் முறை இல்லையென்றால் மெசினைப் பறிகொடுக்க நேரலாம். போன வருடம் உழவுக்கூலியாக எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். அது சிறு தொகையென்றால் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். அப்போது யாருக்கு எந்த நாள், திருத்தச் செலவு யாருக்கு என்பதைக் காசு கொடுக்கும் முன்பே எழுதிக் கையொப்பமிடுங்கள்.

பதிவை உங்கள் பெயரிலேயே செய்யுங்கள். "பொம்பிளைக்கு ஏன் இந்த அலைச்சல், என்ர பெயரில் இருக்கட்டும்" என்று தம்பியோ மச்சானோ அன்பாகத்தான் சொல்லுவார்கள். அந்த அக்காவின் மெசினும் மச்சானின் பெயரில்தான் இருந்தது. ஏமாற்றிய தரகர் மீது முறைப்பாடு கொடுக்கப் போனபோது, "வாகனம் உங்களுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்றுதான் முதலில் கேட்டார்கள்.