தங்கத்தை இடித்த ஆலை

கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், மோனோ ஏரிக்கு வடக்கே, 2,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது போடி. தேனிப் பக்கத்துப் போடி அல்ல. இது ஆளில்லாத ஊர். 1859இல் இங்கே தங்கம் கண்டவர் அந்தக் குளிர்காலத்தையே தாண்டவில்லை, பனிப்புயலில் மாண்டார். இருபது ஆண்டு கழித்துத்தான் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். தங்கம் குறைந்ததும் வந்த வேகத்தில் கலைந்தார்கள். 1962 முதல் இது மாநில வரலாற்றுப் பூங்கா.

வருகிறவர்கள் பாழடைந்த மரவீடுகளையும் தேவாலயத்தையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது மலைச்சரிவில் தகரம் போர்த்தி நிற்கும் ஸ்டாண்டர்ட் ஆலையைத்தான். 1898இல் எரிந்துபோய், மறு ஆண்டே எழுப்பப்பட்டது.

அதைச் சரிவில் கட்டியதற்குக் காரணம் உண்டு. தாதுக்கல்லை உச்சியில் கொட்டினால் போதும். தன் எடையாலேயே தளம் தளமாகக் கீழே இறங்கும். கட்டடமே ஓர் இயந்திரம் என்று சொல்லலாம்.

நடுநாயகம், இடிக்கும் பகுதி. உரலும் உலக்கையும்தான், ஆனால் இரும்பில். ஒவ்வோர் உலக்கையும் சில நூறு கிலோ. மொத்தம் இருபது, ஐந்தைந்தாக நான்கு வரிசை. சுழலும் தண்டில் பொருத்திய வளைந்த இரும்புக் கை உலக்கையைத் தூக்கிவிட்டு நழுவும்; உலக்கை தொப்பென்று விழும். தூக்கும்போதே அந்தக் கை உரசி, உலக்கையைக் கொஞ்சம் திருப்பியும் விடும். அதனால் அடிப்பகுதி ஒரே பக்கம் தேயாமல் சீராகத் தேயும். ஐந்தும் வரிசைப்படி விழாது, மாறி மாறித்தான் விழும். இல்லாவிட்டால் தண்ணீரோடு கலந்த கல்மாவு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். இதை யோசித்தவனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அரைபட்ட சேறு பாதரசம் பூசிய செப்புத் தகடுகள் மேல் வழியும். தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ள, கல்தூள் ஓடிவிடும். ஒட்டியதை வழித்தெடுத்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகும், தங்கம் மிஞ்சும். அந்த ஆவி நஞ்சு என்பதைச் சொல்லவே வேண்டாம்.

விறகுக்குப் பஞ்சமான மேடு என்பதால் நீராவி எந்திரம் கட்டுப்படியாகவில்லை. 1890களின் தொடக்கத்தில் இருபது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஓடையில் நீர்மின் நிலையம் அமைத்துக் கம்பி இழுத்தார்கள். வளைவில் மின்சாரம் வெளியே சிதறிவிடுமோ என்று பயந்து கம்பத்தை நேர்கோட்டில் நட்டார்கள் என்றொரு கதை உண்டு, கதையாகவே கேட்டுக்கொள்ளலாம். நம் பக்கத் தங்கச் சுரங்கத்துக்கும் மின்சாரம் இப்படித்தான் தொலைவிலிருந்து வந்தது: பத்தாண்டு கழித்து, 1902இல், சிவசமுத்திரத்தில் காவிரி தந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சேர்ந்தது.

போடியில் எதையும் புதுப்பிப்பதில்லை. கூரை ஒழுகாமல், சுவர் சாயாமல் தாங்கிப்பிடிப்பதோடு சரி. ஆலைக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும், அதுவும் கோடையில். சாலையின் கடைசி ஐந்து கிலோமீட்டர் மண்பாதை. ஊருக்குள் சாப்பாட்டுக் கடையோ பெட்ரோல் பங்கோ கிடையாது. தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள். திரும்பும்போது நினைவுக்கு என்று ஒரு துருப்பிடித்த ஆணியைக்கூட எடுத்துவராதீர்கள். சட்டப்படி அது குற்றம்.