சண்டைக்கார மீன்களை யாரோடு சேர்ப்பது?

கோமாளி மீனுக்கு எண்ணத் தெரியும். ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்ப ஆய்வுக் கழகத்தில் கினா ஹயாஷியும் அவருடைய குழுவினரும் நடத்தி, 2024-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது. உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்ட கோமாளி மீன்களை, முட்டையிலிருந்தே வேற்றின மீன் எதையும் பார்க்காதபடி வளர்த்தார்கள். பிறகு பட்டைகள் வரைந்த பிளாஸ்டிக் பொம்மைகளைத் தொட்டிக்குள் காட்டினார்கள். மூன்று பட்டைப் பொம்மையைத்தான் மீன்கள் விடாமல் தாக்கின. ஒற்றைப் பட்டைப் பொம்மையையும் பட்டையே இல்லாததையும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. தன்னைப் போலவே இருப்பவன்தான் தன் இடத்தைப் பிடிக்க வருவான் என்பது அந்தக் கட்டைவிரல் நீள மீனுக்குத் தெரிந்திருக்கிறது.

கோமாளி மீன் சிங்கப்பூரின் தென் தீவுகளை ஒட்டிய பவளத்திட்டுகளிலும் வாழ்கிறது. செராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் உள்ள மீன்கடைகளில் கடல்மீன் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, “இது சாதுவா, முரடா?” என்றுதான். அந்தக் கேள்வியால் பெரிய பயனில்லை. இந்த மீன் எதற்காகச் சண்டை போடும் என்று கேட்டால் பாதி வழி தெளிந்துவிடும்.

1973-ல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரென்ஸ், விலங்குகளின் மூர்க்கத்தைப் பற்றி 1963-ல் எழுதிய நூலைப் பவளத்திட்டு மீன்களிலிருந்தே தொடங்கினார். பளிச்சென்ற நிறமுள்ள மீன்கள் வேற்றினத்தை விட்டுவிட்டுத் தம் இனத்தையே அதிகம் தாக்குகின்றன என்பது அவர் தொட்டிகளில் கண்டது. கதை அத்தோடு முடியவில்லை. ஆர்தர் மிர்பெர்க், ரொனால்ட் த்ரெஷர் இருவரும் 1974-ல் வெளியிட்ட ஆய்வில், பாசி மேயும் ஒருவகை டாம்செல் மீன் ஆளுக்கேற்ப எல்லை வகுப்பதைக் காட்டினார்கள். தன் இனம் வந்தால் தொலைவிலேயே விரட்டும். மற்றவை இன்னும் நெருங்கி வரும்வரை பொறுக்கும். சண்டை இடத்துக்காகவும் இரைக்காகவும்தான். ஆக, உருவம் ஒத்தவையும் உணவு ஒத்தவையும் ஒரே தொட்டியில் இருக்கக் கூடாது. மீன் சேர்க்கையில் எனக்குத் தெரிந்த முதல் விதி இதுதான்.

கிளாத்தி மீன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சுக் கோடு போட்ட கிளாத்தி, கடல்முள்ளெலியையும் நண்டையும் உடைத்துத் தின்னும். பாறைப் பொந்து அதற்குச் சொத்து. அதைத் தனியாக வைப்பதே நல்லது. அதே குடும்பத்து நீலத்தொண்டைக் கிளாத்தி, நடுநீரில் மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்று திரிவது, ஓரளவு அமைதியானது. குடும்பப் பெயரைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது, அது எதைத் தின்கிறது என்று பாருங்கள்.

சிங்கமீனின் கதை வேறு. அது யாரோடும் சண்டைக்குப் போகாது. வாய்க்குள் அடங்குவதை விழுங்கிவிடும், அவ்வளவுதான். வாயில் அடங்காத துணையோடு நிம்மதியாக இருக்கும். பனித்துளி அஞ்சாளை என்ற விலாங்குக்கு மழுங்கிய பற்கள். நண்டும் இறாலும்தான் அதற்கு விருப்பம். அஞ்சாளைகளின் தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று இருக்கிறது. அது முன்னால் பாய்ந்து இரையைக் கவ்வி உள்ளே இழுப்பதை ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் 2007-ல் காட்டினார்கள். மூடியில் சின்ன இடைவெளி இருந்தாலும் அஞ்சாளை வெளியேறிவிடும்.

நம் வீவக வீடுகளில் தொட்டியின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 450 லிட்டர் பிடிக்கும். கடல்நீர் மட்டுமே 460 கிலோ எடை. கண்ணாடி, பாறை, மேசை எல்லாம் தனி. பெரிய சிங்கமீன் 38 சென்டிமீட்டர்வரை வளரும் என்பதால் அது இதற்குள் வேண்டாம். குட்டை இனச் சிங்கமீன் ஒன்று, பனித்துளி அஞ்சாளை ஒன்று, நீலத்தொண்டைக் கிளாத்தி ஒன்று: இவ்வளவு போதும் என்பேன். ஒன்று பொந்தில், ஒன்று பாறை நிழலில், ஒன்று நடுநீரில் இருக்கும். கிளாத்தியைக் கடைசியாக விடுங்கள். முதலில் குடியேறிய மீன் தொட்டி முழுவதையும் தன்னுடையதாக்கிக்கொள்ளும். புதிய மீனைச் சில நாள் துளையிட்ட பெட்டிக்குள் வைத்துக் காட்டுவதும், பாறைகளை மாற்றி அடுக்குவதும் பழைய எல்லைகளைக் குலைக்க உதவும்.

இரைக்குத் தேக்கா சந்தையில் கிடைக்கும் இறாலும் கணவாயும் உதவும். ஒரே இரையைத் தினமும் போடாமல் மாற்றிப் போட வேண்டும். இடுக்கியால் ஊட்டுங்கள். சிங்கமீனின் முதுகில் 13 நச்சு முட்கள் உண்டு. குத்திவிட்டால் தோல் வெந்துபோகாத அளவு சுடுநீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

எவ்வளவு கவனித்தாலும் சில மீன்கள் ஒத்துப்போகாது. அப்போது வாளியோடு கடற்கரைக்குப் போகாதீர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் 1985-ல் முதன்முதலாகத் தென்பட்ட சிங்கமீன்கள், மீன்தொட்டிகளிலிருந்து வந்தவை என்றே கருதப்படுகின்றன. இன்று கரீபியன் கடல் முழுவதும் பரவி அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கின்றன. சிங்கப்பூரில் அனுமதியின்றி விலங்குகளை இயற்கையில் விடுவது சட்டப்படி குற்றம். வாங்கும்போதே கடைக்காரரிடம், “சேரவில்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?” என்று கேட்டுவிடுங்கள். மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள்.