கோவலன் கொலை: பிழை யாருடையது?

நெய்வேலி நகரியத்துப் பள்ளி ஒன்றின் தமிழ் மன்றத்தில் ‘கோவலன் கொலைக்குப் பொறுப்பு யார்?’ என்பது பட்டிமன்றப் பொருளானால், மாணவர் பலர் மாதவியையோ பொற்கொல்லனையோ ஊழையோ சுட்டுவர். சிலப்பதிகாரம் அத்துணை எளிதாக விடை தருவதில்லை.

மாதவியை முதலிலேயே விடுவித்துவிடலாம். மதுரைக்குச் செல்லும் வழியில் அவள் விடுத்த மடலைப் படித்த கோவலன், அவள் குற்றமற்றவள், தீது தன்னுடையதே என உணர்கிறான். கானல்வரியைப் பிறழ உணர்ந்து பிரிந்தவனும், குலம் தந்த பெரும்பொருளைத் தொலைத்தவனும் அவனே. ஆயினும் அப்பிழைகளுக்கு வறுமை தண்டமாகலாம், கொலை தண்டமாகாது.

பொற்கொல்லன் வஞ்சகன், கோப்பெருந்தேவியின் சிலம்பைத் தான் கவர்ந்து, பழியைக் கோவலன்மேல் ஏற்றினான். எனினும் கொல்லும் அதிகாரம் அவனிடம் இல்லை. அதற்காகவே அவன் அரசனை நாடினான். தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்துகொண்டிருந்த பாண்டியன் நெடுஞ்செழியன், சிலம்பு அவன் கையில் இருப்பின் கொன்று கொணர்க எனக் காவலர்க்கு ஆணையிட்டான். சாற்றியவன் யார், சான்று யாது என ஒரு வினாவும் எழுப்பினானல்லன். கோவலனை நேரில் கண்ட காவலரோ, இவன் கள்வனல்லன் என ஐயுற்றனர்! கள்வர்தம் தந்திரங்களை விரித்துரைத்தே பொற்கொல்லன் அவ்வையத்தை அடக்க வேண்டியிருந்தது. அரசனுக்கு எழவேண்டிய ஐயம் ஏவலர்க்கு எழுந்தது.

இனி ஊழ். வினை விளையும் காலம் எனக் கூறும் அதே இடத்தில், மன்னன் ஆராயாதவனானான் என்பதையும் இளங்கோவடிகள் சேர்த்தே கூறுகிறார். கோவலனின் முற்பிறப்புச் செய்தியை மதுராபதித் தெய்வம் உரைப்பதும் மன்னன் மாண்ட பின்னரே. ஆகவே அது கண்ணகிக்கு விளக்கமாகிறது, அரசனுக்குச் சாக்காகவில்லை. சோபாக்ளிஸ் இயற்றிய கிரேக்க நாடகத்தின் ஈடிபஸ் மன்னன், விடாது ஆராய்ந்ததனாலேயே தன் குற்றத்தைக் கண்டு வீழ்கிறான். பாண்டியன் ஆராயாமையால் வீழ்கிறான்.

அவன் பெருமையும் அவ்வீழ்ச்சியிலேயே உள்ளது. ஊழையும் பொற்கொல்லனையும் காரணம் காட்டாமல், தானே கள்வன் என்று கூறி அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விட்டான். தேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அவ்வேறுபாட்டை அறிய, சிலம்பை உடைத்த ஒரு நொடியே போதுமானதாக இருந்தது.