உங்களுக்குத் தெரியுமா? மைதானத்தைத் துரத்தும் கேமராக்கள்!

கண் தெரியாதவர்கள் ஆடும் செஸ்ஸை வைத்து ஒருவர் முழுநீள ஆவணப்படமே எடுத்திருக்கிறார், தெரியுமா? பெயர் ‘அல்காரிதம்ஸ்’. வெளிவந்த வருடம் 2012!

எடுத்தவர் இயான் மெக்டொனால்ட். பிரிட்டன்காரர். விளையாட்டுக்கும் சமூகத்துக்கும் என்ன உறவு என்று பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். கேமராவைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் வந்து களரியைப் படம்பிடித்தவரும் இவரேதான்!

‘அல்காரிதம்ஸ்’ முழுக்கக் கறுப்பு வெள்ளை. மூன்று பையன்களின் பின்னால் மூன்று வருடம் அலைந்து எடுத்த படம். அதில் ஒரு பையன் நம்ம சென்னைக்காரன்!

கண் தெரியாதவர்கள் ஆடும் செஸ் பலகையைத் தொட்டுப் பார்த்தால் அசந்துபோவீர்கள். கறுப்புக் கட்டங்கள் மேடாக இருக்கும், வெள்ளைக் கட்டங்கள் தாழ்ந்திருக்கும். எல்லாக் கட்டத்திலும் ஓட்டை உண்டு. காயின் அடியில் இருக்கும் முளையை அதில் செருக வேண்டும். காய் கறுப்பா வெள்ளையா என்று விரல் நுனியே சொல்லிவிடும்!

காயைத் தொட்டால் ஆடியே தீர வேண்டும் என்பது செஸ் சட்டம் அல்லவா? இங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் தடவிப் பார்க்கலாம். ஓட்டையிலிருந்து பிடுங்கினால்தான் ‘தொட்டதாக’க் கணக்கு!

நகர்த்தலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பலகையின் நிரல்களை ஏ, பி, சி என்று சொன்னால் காதில் குழம்பும். அதனால் அன்னா, பெல்லா, சீஸர் என்று பெயர் வைத்துச் சொல்கிறார்கள்!

படத்தில் வரும் பரோடா பையன் தர்பன் இனானி இப்போது என்ன ஆனார்? 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் செஸ்ஸில் தங்கம்! கேமரா முதலிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டது, பார்த்தீர்களா!

விளையாட்டைக் கேமராவோடு துரத்திய இன்னொருவர், அமெரிக்காவின் பட் கிரீன்ஸ்பானைத் தெரியுமா? ஒலிம்பிக் ஆவணப்படம் என்றாலே இவர்தான். மூக்குக் கண்ணாடியை எப்போதும் மொட்டைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தவர்!

இவருக்கு முதல் கதாநாயகன் கிடைத்த இடம் ஒரு இசை நாடக மேடை! ஈட்டி ஏந்திச் சும்மா நிற்கும் வேடத்தில் கிரீன்ஸ்பான். அதே மேடையில் பளுதூக்கும் வீரர் ஜான் டேவிஸ். அவர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனார், இவரும் படமெடுக்கப் பின்னாலேயே கிளம்பிவிட்டார். டேவிஸ் தங்கம் வாங்கினார். படச் செலவு 5,000 டாலர். விற்ற விலை 35,000 டாலர். ஏழு மடங்கு!

பெர்லினில் 1936-இல் நான்கு தங்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸை, பல வருடம் கழித்து அதே மைதானத்துக்கு அழைத்துப் போய்ப் படமெடுத்தவரும் கிரீன்ஸ்பான்தான்!

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இது. மெக்சிகோ ஒலிம்பிக், 1968, மாரத்தான். தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி கீழே விழுந்து காலில் அடிபட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு ஓடினார். முதலில் வந்தவர் முடித்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகிவிட்டது. இருட்டில் நொண்டி நொண்டி வந்து கோட்டைத் தொட்டார். முடித்த 57 பேரில் 57-ஆவது! தங்கம் வென்றவரின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கடைசியாக வந்தவரை உலகமே அறியச் செய்தது கிரீன்ஸ்பானின் படம்!

இப்போது இதேபோன்ற விளையாட்டுக் கதைகளைத் தேடி நம்ம புதுக்கோட்டைக்கு வாருங்கள். தமிழ்நாட்டிலேயே வாடிவாசல்கள் அதிகம் உள்ள மாவட்டம். வருடத்தின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும் தச்சங்குறிச்சி இங்கேதான்!

செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன் பிறந்த கத்தக்குறிச்சியும் இதே மாவட்டம்தான். தோஹா ஆசிய விளையாட்டு, 2006, 800 மீட்டர். 2 நிமிடம் 3.16 விநாடியில் வெள்ளி! பாலினச் சோதனையைச் சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். தமிழக அரசு பரிசு கொடுப்பதை நிறுத்தவில்லை. 15 லட்சம் ரூபாய்! அந்தப் பணத்தைக் கொண்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார்!

கையில் கேமரா வைத்திருக்கும் புதுக்கோட்டைத் தம்பி தங்கைகளே, கதை தேடி ஹெல்சிங்கிக்கா போக வேண்டும்? வண்டியைக் கத்தக்குறிச்சிக்கு விடுங்கள்!