மின்னஞ்சலுக்கும் ஒரு காவற்சாவடி

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைக் கடந்து கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ள சிற்றூர் திரிங்காப். சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் மலைச்சரிவுகளில் தேயிலை. 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற போ நிறுவனம் முதலாக இம்மலையில் வேரூன்றிய தேயிலைத் தோட்டங்களுக்கு, முன்னாளில் கடிதங்கள் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை வழியாக வந்து சேர்ந்தன. அஞ்சற்பையைப் பிரிக்கும் கிராணி, உறையின் மேலுள்ள அஞ்சல் முத்திரையைப் பார்ப்பார். கடிதத் தலைப்பைப் பார்ப்பார். அடியிலுள்ள கையொப்பத்தையும் பார்ப்பார். நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்களுக்குப் போலிக் கடிதம் எளிதில் தப்பாது.

இன்று நிலைமை வேறு. தேயிலைத் தோட்டமாயினும் ரப்பர்த் தோட்டமாயினும், உர வணிகரின் விலைப்பட்டியலும், தலைமை அலுவலகத்தின் உத்தரவும், வங்கியின் அறிவிப்பும் மின்னஞ்சலாகவே வருகின்றன. மலை மேல் இருப்பதோ காட்டோரத்தில் இருப்பதோ இதற்கு ஒரு பொருட்டன்று. உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒரு நொடியில் கடிதம் வந்து விழுகிறது. ஆனால், அதன் மேல் கிராணி பார்த்து நம்பத்தக்க அஞ்சல் முத்திரை கிடையாது.

“விடியற்காலையில் எழுந்து பால்மரம் சீவச் செல்லும் எனக்கும் அலுவலகக் கணினிக்கும் என்ன தொடர்பு?” என்று தொழிலாள நண்பர் ஒருவர் கேட்கலாம். தொடர்பு உண்டு. அவருடைய அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், ஊழியர் சேமநிதி எண், சம்பளப் பட்டியல் ஆகிய அனைத்தும் அந்தக் கணினியிலேதான் இருக்கின்றன. கள்ளக் கடிதம் ஒன்று அதனுள் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டால், மாதக் கடைசியில் சம்பளம் கணக்கிட ஏடு இராது.

பெயரை யாரும் எழுதலாம்

கணினிக்குக் கணினி கடிதம் அனுப்பும் முறையை 1971ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் உருவாக்கினார். முகவரியின் நடுவே வரும் ‘அட்’ என்னும் சுழிக்குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. கடிதம் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதற்கான விதிகள் 1982ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. அக்காலத்தில் இவ்வசதியைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் பணியாற்றியவர்கள், ஒருவரையொருவர் நம்பியவர்கள். ஆகவே, அனுப்புநர் என்று எழுதியிருப்பவர் உண்மையிலேயே அவர்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு அவ்விதிகளில் வைக்கப்படவில்லை. அஞ்சலட்டையின் மூலையில் ‘அனுப்புநர்: மாவட்ட அதிகாரி’ என்று எவர் வேண்டுமாயினும் எழுதிப் பெட்டியில் போடலாமல்லவா? மின்னஞ்சலும் அவ்வாறே அமைந்துவிட்டது. பின்னாளில் தோன்றிய தொல்லைகளுள் பெரும்பாலானவை இந்த ஒரு குறையிலிருந்து கிளைத்தவையே எனலாம்.

2000ஆம் ஆண்டு மே மாதத்தில், ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்னும் பொருள்படும் தலைப்போடு ஒரு மின்னஞ்சல் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்டது. உடன் வந்த கோப்பைத் திறந்தவுடன், அது கணினியிலிருந்த படங்களையும் பிற கோப்புகளையும் அழித்தது. அத்துடன், அக்கணினியில் இருந்த முகவரிகளுக்கெல்லாம் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. தெரிந்தவர் பெயரில் வந்த கடிதமாதலால் பலரும் தயங்காமல் திறந்தனர். சில நாட்களுக்குள் உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டன. அதை உருவாக்கிய மாணவரைத் தண்டிக்க அந்நாட்டில் அப்போது சட்டம் இருக்கவில்லை. நம் நாட்டிலோ கணினிக் குற்றச் சட்டம் 1997ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது.

அத்தகைய அழிவு வேலையைக் காட்டிலும், இன்று அமைதியான ஏமாற்று வேலையே மிகுதி. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து கொள்வோம். தோட்டத்திற்கு உரம் வழங்கும் வணிகரின் பெயரில் ஒரு கடிதம் வருகிறது. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இம்மாதத் தொகையைப் புதிய கணக்கில் செலுத்துக” என்கிறது. முகவரியும் சரியானது போலவே தோன்றுகிறது. கூர்ந்து நோக்கினால், ஆங்கிலச் சிற்றெழுத்து ‘எல்’ இருக்க வேண்டிய இடத்தில் 1 என்னும் எண் நிற்கிறது. அல்லது, ‘ஆர்’, ‘என்’ ஆகிய இரண்டு எழுத்துகளும் நெருங்கி நின்று ‘எம்’ போலக் காட்சி தருகின்றன. வேலை நெருக்கடியில் இருக்கும் கிராணி இதனை எப்படிக் காண்பார்?

கடிதம் வரும் வழியை மாற்றுதல்

இக்காரணத்தால்தான் வங்கிகளும் அரசாங்க அலுவலகங்களும் பெரிய நிறுவனங்களும் தங்கள் மின்னஞ்சலுக்குக் காவற்சேவையை அமர்த்திக் கொள்கின்றன. அச்சேவை எவ்வாறு இயங்குகிறது என்பதை, நமக்குப் பழக்கமான பால் நிறுக்கும் இடத்தைக் கொண்டே விளங்கிக் கொள்ளலாம். வாளியில் கொண்டு வரும் பால் நேரே தொட்டியில் ஊற்றப்படுவதில்லை. முதலில் சல்லடை, பட்டையையும் இலைத்தூளையும் தடுக்கிறது. அடுத்து மெட்ரோலாக் கருவி, பாலில் தண்ணீர் எவ்வளவு என்பதைக் காட்டிக் கொடுக்கிறது. எவருடைய வாளி என்பதும் ஏட்டில் பதியப்படுகிறது. சல்லடையால் தண்ணீரைத் தடுக்க முடியாது; மெட்ரோலாக்கால் பட்டையைப் பொறுக்க முடியாது. ஆகையால் இரண்டும் வேண்டும்.

இணையத்தில், எந்த நிறுவனத்துக்குரிய கடிதம் எந்தக் கணினியிடம் சேர்க்கப்பட வேண்டும் என்று காட்டும் உலகப் பொதுவான முகவரி ஏடு ஒன்று உண்டு. காவற்சேவையை அமர்த்தும் நிறுவனம் அந்த ஏட்டில் தன் பதிவை மாற்றி, “எமக்குரிய கடிதங்களை முதலில் இச்சேவையிடம் கொடுங்கள்” என்று எழுதிவிடுகிறது. அன்று முதல் கடிதங்கள் யாவும் சாவடியைக் கடந்தே அலுவலகத்தை அடைகின்றன. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1999ஆம் ஆண்டளவில் இத்தகைய சேவை நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் ஒன்றாகிய போஸ்டினியைக் கூகிள் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனமும் இன்று மின்னஞ்சல் வசதியோடு காவற்சேவையையும் வழங்கி வருகிறது. அந்நிறுவனம் தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலும் அலுவலகம் அமைத்து, உள்ளூர் இளைஞர்களைப் பணியில் அமர்த்தியிருக்கிறது என்பது தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு ஊக்கமளிக்கும் செய்தியாகும்.

சாவடியில் நடைபெறும் முதல் சோதனை, கடிதம் எங்கிருந்து வருகிறது என்பதாகும். குப்பைக் கடிதங்களை ஓயாது அனுப்பும் கணினிகளின் பட்டியல்கள் 1990களின் இறுதியிலிருந்து தொகுக்கப்பட்டு வருகின்றன. அப்பட்டியலில் உள்ள கணினி கதவைத் தட்டினால், கடிதத்தைப் பிரித்துப் பார்க்காமலேயே திருப்பி விடுவார்கள். மிகப் பெரும்பாலான தொல்லைகள் இவ்விடத்திலேயே ஒழிந்துவிடுகின்றன.

அடுத்தது, பெயர் உண்மையா என்னும் சோதனை. முன்னர்க் கூறிய 1982ஆம் ஆண்டின் குறையை நிறைவு செய்ய மூன்று ஏற்பாடுகள் பிற்காலத்தில் வந்தன. ஒன்று, “எம் பெயரில் கடிதம் அனுப்ப இந்தக் கணினிகளுக்கு மட்டுமே உரிமை உண்டு” என்று நிறுவனம் ஊரறிய அறிவித்து வைப்பது, இதற்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். மற்றொன்று, கடிதத்தின் மேல் கணினி இடும் மின் கையொப்பம், இது டி.கே.ஐ.எம். எனப்படுகிறது. இடைவழியில், கையொப்பம் காக்கும் பகுதியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அக்கையொப்பம் செல்லாமற் போகும். இவ்விரண்டிலும் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று பெயருக்குரிய நிறுவனமே கட்டளையிடும் ஏற்பாடு மூன்றாவது. டிமார்க் என்னும் இது 2012ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பெரும் எண்ணிக்கையில் கடிதங்களை அனுப்புவோர் இம்மூன்றையும் கடைப்பிடிக்க வேண்டுமெனக் கூகிளும் யாஹூவும் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிபந்தனை விதித்தன. வீட்டுக்குப் பூட்டுச் செய்து முடிக்க 40 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்!

எனினும், முன்னர்க் கற்பனை செய்த உர வணிகர் கடிதம் இச்சோதனையில் தேறிவிடும். ஏன்? ஏமாற்றுபவன் 1 என்னும் எண்ணைக் கொண்ட அந்தப் பெயரைத் தானே பணம் கொடுத்துப் பதிவு செய்து, அதற்கு முறையான கையொப்பமும் வைத்திருப்பான். அதனால் கடிதத்தின் உள்ளடக்கத்தையும் ஆராய வேண்டியதாகிறது. இது மாணவர் விடைத்தாளுக்கு மதிப்பெண் இடுவது போன்றது. இதுவரை கடிதம் எழுதியிராத புதியவர் என்றால் சில மதிப்பெண்கள். ‘உடனே’, ‘இன்றைக்குள்’ என்று அவசரப்படுத்தினால் மேலும் சில. பழைய பெயர் ஒன்றோடு ஓரெழுத்து மட்டும் வேறுபடும் பெயர் என்றால் இன்னும் மிகுதி. மொத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கடிதம் தடுத்து வைக்கப்படும். இந்த விடைத்தாளில் கூடுதல் மதிப்பெண் பெறுவது நன்றன்று என்பதே வேறுபாடு.

கடிதத்தோடு கோப்பு வருமாயின், அதனை எதனோடும் தொடர்பில்லாத ஒரு தனிக் கணினியில் திறந்து பார்க்கிறார்கள். கோப்பு தன் வேலையைக் காட்டுகிறதா என்று சில நிமிடங்கள் கவனித்த பின்னரே வழிவிடுகிறார்கள். தொட்டவுடன் வேறோர் இணையப் பக்கத்திற்கு இட்டுச் செல்லும் சுட்டி இருந்தால், வரும்பொழுது மட்டுமன்றி, ஊழியர் அதனைத் தொடும் ஒவ்வொரு முறையும் சோதிக்கும் சேவைகளும் உள. காலையில் நல்ல பக்கமாக இருந்தது மாலையில் தீயதாக மாறக்கூடும் அல்லவா?

சல்லடைக் கண்ணின் அளவு

இச்சேவையில் உண்மையான கடினம், எதைத் தடுப்பது என்பதைக் காட்டிலும் எவ்வளவு தடுப்பது என்பதிலேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சல்லடைக் கண் மிகச் சிறிதானால் நல்ல பாலும் தேங்கும். திரிங்காப்பில் ஒரு காய்கறி வணிகருக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த முதல் கொள்முதற் கடிதம், புதியவர் கடிதம் என்பதற்காகத் தடுக்கப்பட்டால், அன்றைய முட்டைக்கோசு லாரியில் ஏறாது. ஆகவே, ஐயத்திற்குரிய கடிதங்களை அழித்துவிடாமல் தனியறை ஒன்றில் சில நாட்கள் வைத்திருந்து, “இவற்றுள் உமக்குரியது உண்டா?” என்று அலுவலகத்தைக் கேட்பது வழக்கம். இறுதி முடிவு மனிதர் கையிலேயே விடப்படுகிறது.

அம்மனிதர் தவறினால் என்ன நேரும், விழிப்பாயிருந்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரே நிகழ்ச்சியில் சான்று இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வங்காளதேச மத்திய வங்கி ஊழியர்களுக்கு, வேலை தேடுபவர் ஒருவர் எழுதியது போன்ற பணிவான மின்னஞ்சல்கள் வந்தன. தன்விவரக் குறிப்பைக் காணச் சுட்டியைத் தொடுமாறு அவை கேட்டுக்கொண்டன. அவ்வழியே உட்புகுந்த திருடர்கள் ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்து, 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் 95 கோடி அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட தொகையை மாற்ற உத்தரவுகளை அனுப்பினர். 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குச் சென்றுவிட்டது. 2 கோடி டாலர் இலங்கையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அறக்கட்டளை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லில் எழுத்துப்பிழை இருந்ததைக் கண்டு, இடையில் நின்ற வங்கி விளக்கம் கேட்டது. அத்தொகை தப்பியது. எழுத்துப்பிழையைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் யாரோ, அவர் வாழ்க!

அதே இலங்கையில் நிகழ்ந்த மற்றொரு செய்தி வருத்தத்திற்குரியது. அந்நாட்டு அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பை ஏறத்தாழ 5000 முகவரிகளுக்குரியோர் பயன்படுத்தி வந்தனர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதன் கோப்புகளை ஒரு கொள்ளை நிரல் பூட்டிவிட்டது. ஊழியர்களுக்குச் சில வாரங்களாகவே ஐயத்திற்குரிய சுட்டிகள் வந்துகொண்டிருந்தன என்றும், அவற்றுள் ஒன்றை எவரேனும் தொட்டிருக்கலாம் என்றும் அதிகாரிகள் கூறினர். ஆனால், அங்கே இயங்கியது 2013ஆம் ஆண்டின் பழைய மென்பொருள். அதனைப் புதுப்பிக்கும் திட்டம் 2021ஆம் ஆண்டிலிருந்தே இருந்தும், நிதிக் குறைவு முதலிய காரணங்களால் தள்ளிப் போடப்பட்டது. அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்களுக்கு மறுபடியும் இருக்கவில்லை. அவை மீளவே இல்லை. பழைய கடிதங்களின் மறுபடி இருந்திருந்தால், பூட்டிய கோப்புகளை ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கலாம்.

நம் நாட்டில்

நம் நாடும் குறிவைக்கப்படாமல் இல்லை. அரசாங்க அதிகாரிகளுக்குப் பத்திரிகையாளர் போன்றும் அமைப்புகளின் பிரதிநிதிகள் போன்றும் நடித்துத் தீய கோப்புகளை அனுப்புகிறார்கள் என்று, 1997ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் மைசெர்ட் நிலையம் 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் எச்சரித்தது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26இல் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் உயிர்நாடியான 11 துறைகளை அச்சட்டம் குறிப்பிடுகிறது. வங்கி, மின்சாரம், குடிநீர், மருத்துவம் ஆகியவற்றோடு வேளாண்மையும் தோட்டத்தொழிலும் அவற்றுள் ஒன்றாக இடம் பெற்றிருப்பதைத் தோட்ட மக்கள் அறிந்திருத்தல் நன்று. இத்துறைகளில் முக்கியமானவை எனக் குறிக்கப்படும் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆபத்துகளை மதிப்பிட வேண்டும். தாக்குதல் நேர்ந்ததை அறிந்தவுடன் தெரிவிப்பதுடன், 6 மணி நேரத்திற்குள் அதன் விவரங்களையும் அளித்தாக வேண்டும்.

தொழிலாளரை நேரே தொடும் விதி மற்றொன்றும் உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து, பெரும் தீங்கு விளையக்கூடிய தரவுக் கசிவு நேர்ந்தால் நிறுவனங்கள் 72 மணி நேரத்திற்குள் ஆணையரிடம் அறிவிக்க வேண்டும். அதன்பின் 7 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

கணக்கு மாற்றம் கோரும் கடிதம் வந்தால், அக்கடிதத்திலுள்ள எண்ணை விடுத்து, பழைய ஏட்டிலுள்ள எண்ணில் வணிகரை அழைத்துக் கேட்பது அலுவலகத்தார் செய்யத்தக்கது. பணம் போய்விட்டதென்று தெரிந்தால், வீட்டிலிருப்போரும் அலுவலகத்தாரும் தம் வங்கியையோ, 2022ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு நிலையத்தின் 997 என்னும் எண்ணையோ உடனே அழைக்க வேண்டும். திருடர்கள் அத்தொகையை ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து மாற்றிவிடுவர். அதற்கு முன் தடுத்தால்தான் மீட்க வழியுண்டு. தரவு கசிந்ததாக அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வருமாயின், அதனைக் கசக்கி எறிந்துவிடாமல், எந்தெந்த விவரங்கள் வெளியாயின என்று கிராணியிடம் கேட்டறிந்து, வங்கிக் கணக்கு எண்ணும் அவற்றுள் இருந்தால் வங்கிக்கும் தெரிவித்துவிடுதல் வேண்டும்.